மூசாவுக்குப் பின் யார்?

(ஓசூரில் ஆசிரியர்களும் பெற்றோரும் கூடிய அவையில் நிகழ்த்திய சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



குழந்தைகளுக்கான மாயக்கதைத் தொடர்கள் எப்படி உருவாகின்றன, எதனால் வெற்றி பெறுகின்றன என்று பேசச் சொல்லி அழைத்திருக்கிறீர்கள். இங்கே இருக்கும் பெற்றோரில் பலருக்கு வயது முப்பதை ஒட்டி இருக்கும். உங்களிடம் ‘மூசா’ என்று ஒரு பெயரைச் சொன்னாலே பாதி உரை முடிந்துவிடும். சன் தொலைக்காட்சியில் 2004 இறுதியில் தொடங்கி 2007 வரை ஓடிய ‘மை டியர் பூதம்’ தொடரின் குட்டிப் பூதம் அவன். தொள்ளாயிரம் பகுதிகளைத் தாண்டிய தொடர் அது. வீட்டுப்பாடத்தைத் தள்ளிவைத்துவிட்டு டிவி முன்னால் உட்கார்ந்த தலைமுறை உங்களுடையது. இன்று உங்கள் பிள்ளைகளுக்கு அப்படி ஒரு பூதம் இல்லை.

நான் சொல்ல வந்தது ஒன்றுதான். தமிழ்க் குழந்தைக்கென்று, தமிழில் எழுதி, தமிழ்ப் பிள்ளைகளே நடித்த கதைநேரம் நம் வீடுகளில் மாலைதோறும் இருந்தது. அது போனதற்குக் காரணம் குழந்தைகளுக்கு அது சலித்துப்போனது அல்ல. பெரியவர்கள் போட்ட வரவு செலவுக் கணக்கு. பெரியவர்கள் போட்ட கணக்கைப் பெரியவர்களே திருத்த முடியும்.

முதலில் இந்தக் கதைகளின் பூர்வீகத்தைப் பார்ப்போம். மாயக்கதைகள் தொலைக்காட்சியோடு பிறந்தவை அல்ல. கிருஷ்ணகிரி மாவட்டத்தில் அதை யாருக்கும் விளக்க வேண்டியதில்லை. பாரதக் கூத்து நடக்கும் ஊர்களில் அர்ச்சுனன் தபசு நாளில் என்ன நடக்கிறது? உயரமான மரத்தை ஊர்நடுவே நடுகிறார்கள். அர்ச்சுனன் வேடம் கட்டியவர் பாடிக்கொண்டே ஒவ்வொரு படியாக ஏறுகிறார். உச்சிக்குப் போனதும் எலுமிச்சம்பழமும் பூவும் விபூதியும் கீழே வீசுகிறார். பிள்ளை வரம் வேண்டும் பெண்கள் முந்தானை ஏந்தி நிற்கிறார்கள். கடைசி நாள் படுகளத்தில் மண்ணால் செய்த துரியோதனன் ஆள் உயரத்தைப் பல மடங்கு மிஞ்சிப் படுத்துக் கிடக்கிறான். அப்பாவின் தோளில் உட்கார்ந்து இதைப் பார்த்த குழந்தைக்கு மாயம் என்றால் என்னவென்று தெரியும். தொலைக்காட்சி வந்தபோது அந்தக் குழந்தை ஏற்கெனவே தயாராகத்தான் இருந்தது.

அச்சில் அந்த வேலையைச் செய்தது ‘அம்புலிமாமா’. 1947 ஜூலையில், நாடு விடுதலை பெறுவதற்கு ஒரு மாதம் முன்பு, பி. நாகி ரெட்டியும் சக்ரபாணியும் அதைத் தமிழிலும் தெலுங்கிலும் தொடங்கினார்கள். வேதாளத்தைத் தோளில் சுமந்து சுடுகாட்டின் வழியே நடக்கும் விக்கிரமாதித்தனை நம் கண்ணில் பதித்தவர் ஓவியர் சங்கர், தாராபுரம் பக்கத்துக் காரத்தொழுவு ஊர்க்காரர். இதே நாகி ரெட்டியும் சக்ரபாணியும்தான் 1951இல் ‘பாதாள பைரவி’யையும் 1957இல் ‘மாயா பஜா’ரையும் எடுத்தார்கள். இரண்டுக்கும் ஒளிப்பதிவு மார்கஸ் பார்ட்லி. குழந்தைப் பத்திரிகை நடத்தியவர்களே மாயாஜாலப் படமும் எடுத்தார்கள் என்பதைக் கவனியுங்கள். மாதாமாதம் குழந்தைகளுக்குக் கதை தந்தவர்களுக்கு, ஒரு பிள்ளை எந்த இடத்தில் வாயைப் பிளக்கும், எந்த இடத்தில் “அப்புறம்?” என்று கேட்கும் என்று தெரிந்திருந்தது. பிறகு 1967இல் எம்.வி. ராமன் இயக்கிய ‘பட்டணத்தில் பூதம்’ வந்தது. ஜாவர் சீதாராமன் பூதமாக வந்தார். ‘ஜீ பூம் பா’ தெருவில் விளையாடும் பிள்ளைகளின் மந்திரம் ஆனது.

இனி தொலைக்காட்சிக்கு வருவோம். ஓசூரிலிருந்து பெங்களூரு நாற்பது கிலோமீட்டர்; சென்னை முந்நூறு கிலோமீட்டருக்கு மேல். தூர்தர்ஷன் பெங்களூரில் 1981இல் நிலையம் தொடங்கியபோது இந்த ஊரில் ஆன்டெனா எந்தத் திசையைப் பார்த்திருக்கும் என்று உங்களுக்கே தெரியும். அந்தத் தூர்தர்ஷனில்தான் 1985இல் ராமானந்த் சாகரின் ‘விக்ரம் அவுர் பேதாள்’ வந்தது. அருண் கோவில் அரசனாகவும் சஜ்ஜன் வேதாளமாகவும் நடித்தார்கள். இந்தி தெரியாத வீடுகளிலும் பிள்ளைகள் அதைப் பின்தொடர்ந்தார்கள், கதை அம்புலிமாமாவில் படித்த கதை ஆயிற்றே. அதில் நடித்த அருண் கோவில், தீபிகா, சுனில் லஹ்ரி மூவரும் இரண்டே ஆண்டுகளில் அதே சாகரின் ‘ராமாய’ணத்தில் ராமன், சீதை, இலக்குவனாக வந்து நாட்டையே நிறுத்தினார்கள். குழந்தைகளுக்காக எடுத்த தொடரில் பழகிய கைகள்தான் அந்தப் பெரிய தொடரையும் எடுத்தன. குழந்தைத் தொடரைச் சில்லறை வேலையாக நினைக்கும் நம் தொலைக்காட்சிக்காரர்கள் இதை நினைவில் வைக்க வேண்டும்.

வேதாளக் கதை எதனால் நிற்கிறது? அரசன் வாய் திறந்தால் வேதாளம் மரத்துக்குப் பறந்துவிடும். விடை தெரிந்தும் சொல்லாவிட்டால் தலை சுக்குநூறாக வெடிக்கும். பேசினாலும் தொல்லை, பேசாவிட்டாலும் தொல்லை. இந்த இரண்டு விதிகளுக்கு நடுவில் மாட்டிக்கொண்ட அரசன்தான் கதை. பறக்கிற வேதாளத்தை ஒருமுறை பார்த்தால் வியப்பு. பத்தாம் முறை பார்த்தால் பழக்கம். ஆனால் “இன்றைக்கு ராஜா பேசுவாரா, மாட்டாரா?” என்ற கேள்வி இருபத்தைந்து கதைக்கும் அலுக்காது. வெற்றி பெற்ற மாயக்கதைத் தொடர் எதை எடுத்தாலும் இதைப் பார்க்கலாம்: மாயத்துக்கு ஒரு வரம்பு இருக்கும், அந்த வரம்பு குழந்தைக்குத் தெரிந்திருக்கும். 2000 முதல் 2004 வரை, முதலில் தூர்தர்ஷனிலும் பிறகு ஸ்டார் பிளஸிலும் வந்த ‘ஷகலக பூம் பூம்’ தொடரில் சிறுவன் சஞ்சுவிடம் ஒரு மந்திரப் பென்சில் இருந்தது. வரைந்தது உயிர்பெறும். ஆனால் பென்சில் தொலையலாம், திருடு போகலாம், கெட்டவன் கையில் சிக்கலாம். பிள்ளைகள் அஞ்சியதும் மகிழ்ந்ததும் அந்த ‘ஆனால்’ என்ற இடத்தில்தான்.

தூர்தர்ஷனின் பெருவெற்றி 1997 செப்டம்பர் 13இல் தொடங்கிய ‘சக்திமான்’. பி.ஆர். சோப்ராவின் ‘மகாபார’தத்தில் பீஷ்மராக நடித்துப் பெயர் பெற்ற முகேஷ் கன்னா தானே தயாரித்து, தானே நடித்த தொடர். தன் நிறுவனத்துக்கும் பீஷ்மர் பெயரையே வைத்தார். இயக்கியவர் தின்கர் ஜானி. சிவப்பும் தங்கமுமாக உடை, மார்பில் ஒரு சின்னம், சுழன்று சுழன்று பறத்தல். அவனுடைய ஆற்றல் வேற்றுக் கிரகத்திலிருந்து வந்ததல்ல. யோகமும் ஐம்பூதங்களும் தந்தது. அமெரிக்க சூப்பர்மேனைப் பெயர்த்து நடாமல் நம்மூர் நம்பிக்கையிலிருந்து ஒரு நாயகனைக் கட்டினார்கள். பகலில் அவன் கங்காதரன், சோடாபுட்டிக் கண்ணாடி, துருத்திய பல், எல்லோரும் சிரிக்கும் பத்திரிகைப் புகைப்படக்காரன். வகுப்பில் கேலிக்கு ஆளான ஒவ்வொரு பிள்ளையும் அவனுக்குள் தன்னைப் பார்த்தது.

ஒவ்வொரு பகுதி முடிவிலும் சக்திமான் பிள்ளைகளோடு நேராகப் பேசுவார். கை கழுவாமல் சாப்பிட்டவன், பொய் சொன்னவன், சாலையைக் கவனிக்காமல் கடந்தவள் எல்லோரும் அவரிடம் “ஸாரி சக்திமான்” சொல்வார்கள். ஆசிரியர் நூறுமுறை சொல்லியும் ஏறாதது அவர் ஒருமுறை சொன்னதும் ஏறியது. இவ்வளவு நம்பிக்கைக்கு ஒரு விலையும் இருந்தது. சக்திமான் வந்து காப்பாற்றுவார் என்று நம்பிப் பிள்ளைகள் சிலர் ஆபத்தான செயல்களில் இறங்கியதாகச் செய்திகள் வந்தன. முகேஷ் கன்னா அந்தச் செய்திகளை ஏற்கவில்லை. ஆயினும் இந்தச் சாகசங்களைச் செய்துபார்க்கக் கூடாது என்று பிள்ளைகளுக்கு அவரே அறிவுரை சொன்னார். குழந்தைகளுக்காக எழுதுகிறவருக்கு இதைவிடப் பெரிய பாடம் இல்லை. பெரியவர்கள் கதையைக் கதையாகப் பார்ப்பார்கள். குழந்தை அதை வாக்குறுதியாக எடுத்துக்கொள்ளும். ஆகவே குழந்தைக்கு எழுதுகிறவர் தான் எழுதும் ஒவ்வொரு வரிக்கும் பொறுப்பேற்க வேண்டும்.

இந்த வழியில்தான் மூசாவும் வந்தான். அபிலாஷ் மூசாவாகவும் நிவேதா தாமஸ் கௌரியாகவும் நடித்தார்கள். ‘சக்திமா’னில் நாயகன் பெரியவர், குழந்தைகள் காப்பாற்றப்பட வேண்டியவர்கள். ‘மை டியர் பூத’த்தில் பூதமே குழந்தை. மந்திரம் தெரிந்தவன், ஆனால் இந்த உலகம் தெரியாதவன். பள்ளி, பேருந்து, காசு, பொய் எல்லாவற்றையும் அவனுக்குப் பிள்ளைகள் கற்றுத்தர வேண்டியிருந்தது. வீட்டில் “உனக்கு ஒன்றும் தெரியாது, சும்மா இரு” என்று கேட்டே வளரும் பிள்ளைக்கு, தன்னைவிட வலிமையான ஒருவனுக்குத் தான் ஆசிரியர் ஆகும் வாய்ப்பு அது. என் கணிப்பில் அந்தத் தொடரின் வெற்றிக்கு முதல் காரணம் இதுதான். இரண்டாவது காரணம், அது வாரம் ஒருமுறை வரும் விருந்தாளியாக இல்லாமல் நாள்தோறும் வந்தது. நேற்று விட்ட இடத்தை இன்று பள்ளியில் பேசி, மாலையில் தொடர முடிந்தது.

நாள்தோறும் ஒரு மாயக்கதையை எடுப்பது எவ்வளவு கடினம் என்று பார்ப்பவர்களுக்குத் தெரிவதில்லை. ஒரே ஒரு காட்சியைச் சொல்கிறேன். பூதம் மறைய வேண்டும். கேமராவை ஸ்டாண்டில் பூட்டுவார்கள். ஒரு மயிரிழைகூட அசையக் கூடாது. நான்கு பிள்ளைகள் நிற்கிறார்கள். “ஃப்ரீஸ்” என்று இயக்குநர் கத்துவார். நான்கு பேரும் அப்படியே உறைய வேண்டும். தூக்கிய கை தூக்கியபடி, திறந்த வாய் திறந்தபடி. பூதமாக நடிக்கும் பிள்ளை மட்டும் பூனைபோல் நழுவிச் சட்டகத்தைவிட்டு வெளியேறும். மறுபடி “ஆக்‌ஷன்”. மற்ற மூவரும் இப்போது வெற்றிடத்தைப் பார்த்து வியக்க வேண்டும், அதுவும் ஒரே இடத்தைப் பார்த்து. இதற்கிடையில் ஒருத்திக்கு மூக்கு அரித்தால் காட்சி போச்சு. காற்றில் திரைச்சீலை ஆடினாலும் வெட்டிய இடம் துள்ளித் தெரியும். ஃப்ரான்ஸில் ஜார்ஜ் மெலியே 1890களில் கையாண்ட அதே தந்திரம்தான் இது. பறக்கும் காட்சி என்றால் நீலத் திரையோ பச்சைத் திரையோ கட்டி, தனியாக எடுத்து, பின்னணியைக் கணினியில் ஒட்ட வேண்டும். பெரியவர்கள் நடிக்கும் குடும்பத் தொடரில் ஒரு நாளில் முடிகிற வேலை இங்கே இழுத்துக்கொண்டே போகும்.

அந்தப் பிள்ளைகளின் உழைப்பைப் பற்றியும் பேச வேண்டும். நிவேதா தாமஸ், தொடர் முடிந்த அடுத்த ஆண்டே, 2008இல் வந்த ‘வெறுதே ஒரு பார்ய’ மலையாளப் படத்துக்காகக் கேரள அரசின் சிறந்த குழந்தை நட்சத்திர விருது பெற்றார். 2015இல் ‘பாபநாச’த்தில் கமல்ஹாசனின் மகளாக நடித்ததை நீங்கள் பார்த்திருப்பீர்கள். வெற்றுவெளியைப் பார்த்து வியந்த பயிற்சி வீண்போகவில்லை. ஆனால் எல்லாக் குழந்தை நடிகர்களுக்கும் இந்த வழி திறப்பதில்லை. குழந்தைத் தொழிலாளர் சட்டம் 2016இல் திருத்தப்பட்டு, 2017இல் விதிகள் வந்த பிறகுதான் இவர்களுக்கு எழுத்தில் பாதுகாப்பு கிடைத்தது. குழந்தைக் கலைஞர் ஒரு நாளில் ஐந்து மணி நேரத்துக்கு மேல் வேலை செய்யக் கூடாது. ஓய்வில்லாமல் மூன்று மணி நேரம் தாண்டக் கூடாது. தொடர்ந்து 27 நாளுக்கு மேல் கூடாது. மாவட்ட நிர்வாகத்தின் அனுமதி வேண்டும். வருமானத்தில் குறைந்தது 20 சதவீதம் குழந்தையின் பெயரில் வைப்புத்தொகையாகப் போட வேண்டும். இனி ஒரு மூசாவை உருவாக்குகிறவர்கள் இந்த விதிகளைத் தொல்லையாக நினைக்காமல், கதையோடு சேர்த்தே திட்டமிட வேண்டும்.

அப்படியானால் ஏன் நின்றது? தனியார் தொலைக்காட்சியில் பல தொடர்கள் நடந்த முறை இது: தயாரிப்பாளர் சேனலுக்குக் கட்டணம் கட்டி அரைமணி நேரத்தை வாங்குவார், அதில் தனக்குக் கிடைக்கும் சில நிமிட விளம்பர நேரத்தை விற்றுச் செலவை எடுப்பார். சோப்பும் மசாலாத்தூளும் நகையும் விற்கிறவர்கள் வீட்டுப் பெண்கள் பார்க்கும் தொடருக்கு வருவார்கள். குழந்தைத் தொடருக்கு பிஸ்கட்டும் மிட்டாயும் சத்துமாவு பானமும்தான். எடுக்கச் செலவு கூடுதல், விற்க வரவு குறைவு. தூர்தர்ஷன்கூட இதற்கு விலக்கல்ல. நேரக் கட்டணம் உயர்ந்துகொண்டே போனதும் ‘சக்திமான்’ நின்றதற்கு ஒரு காரணம் என்று முகேஷ் கன்னா பின்னாளில் சொல்லியிருக்கிறார்.

கணக்கின் மறுபக்கம் டப்பிங். 2007 ஏப்ரலில் குழந்தைகளுக்கான சுட்டி டிவி தொடங்கியது. அதே ஆண்டில்தான் ‘மை டியர் பூதம்’ முடிந்தது. வெளிநாட்டுக் கார்ட்டூன் சிறுமி டோரா தமிழ் பேசினாள், நன்றாகவே பேசினாள். நம் டப்பிங் கலைஞர்களின் திறமையில் எனக்குப் பெருமதிப்பு உண்டு. வெளிநாட்டில் எடுத்து முடித்த கார்ட்டூனுக்குக் குரல் மட்டும் சேர்ப்பது, ஒரு தொடரைப் புதிதாக எடுப்பதில் சிறு பங்குகூட ஆகாது. எல்லைக்கு அந்தப் பக்கம் நிலைமை வேறாக இருந்தது. கன்னடத் திரையுலகம் 1960கள் முதலே டப்பிங்கை எதிர்த்து வந்தது. 2009இல் கன்னடக் குழந்தைகளுக்கென்று சிண்டு டிவி வந்தபோது அந்தப் பழைய வழக்கு மறுபடி கிளம்பியது. எதிர்த்தவர்கள் தம் மொழிக் கலைஞர்களின் பிழைப்பை நினைத்தார்கள். ஆதரித்தவர்கள் தம் பிள்ளை தாய்மொழியில் கார்ட்டூன் பார்க்க வேண்டும் என்று நினைத்தார்கள். இரண்டிலும் நியாயம் உண்டு. நமக்கு அந்தச் சண்டையே இல்லாமல் போனது; கேட்பாரில்லாமல் டப்பிங் முழு இடத்தையும் எடுத்துக்கொண்டது. இந்தியில் அப்படி நடக்கவில்லை. 2012இல் ‘பால்வீர்’ தொடங்கி ஆயிரம் பகுதிகளைத் தாண்டியது. ஆக, சந்தை இல்லை என்ற வாதம் முழு உண்மை அல்ல.

இதை ஏன் ஓசூரில் நின்று சொல்கிறேன்? இங்கே அசோக் லேலண்டும் டிவிஎஸ்ஸும் டைட்டனும் வந்து ஏறத்தாழ நாற்பது ஆண்டு ஆகிவிட்டது. இப்போது போச்சம்பள்ளி, கெலமங்கலம் பக்கம் வரை ஆலைகள் நீண்டிருக்கின்றன. அப்பா செகண்ட் ஷிஃப்டில், அம்மா கம்பெனி பஸ்ஸில். மாலை ஐந்து மணிக்கும் ஒன்பது மணிக்கும் இடையில் பல வீடுகளில் குழந்தையோடு இருப்பது ஒரு திரை மட்டும். தளியிலும் தேன்கனிக்கோட்டையிலும் வீட்டில் தெலுங்கோ கன்னடமோ பேசி, பள்ளியில் தமிழ் படிக்கும் பிள்ளைகள் ஏராளம். ஒடிசாவிலிருந்தும் பீகாரிலிருந்தும் வந்தவர்களின் பிள்ளைகளும் அதே பெஞ்சில் உட்கார்ந்திருக்கிறார்கள். இவர்களைச் சேர்த்து உட்காரவைக்க ஒரு பொதுக் கதை வேண்டும். பாடப்புத்தகத்தால் அது முடியாது. பாடப்புத்தகத்தில் தேர்வு இருக்கிறது. வேற்றுலகிலிருந்து வந்து, மொழி தெரியாமல் தடுமாறி, பிள்ளைகளிடம் கற்றுக்கொள்ளும் ஒரு பூதத்தின் கதையை இந்த ஊர்ப் பிள்ளைகளைவிட நன்றாகப் புரிந்துகொள்கிறவர்கள் யார்?

வழி இருக்கிறதா? இருக்கிறது. குழந்தைகளுக்கான படைப்பைச் சந்தையிடம் மட்டும் விட்டால் அது வாடும் என்று மற்ற நாடுகளும் உணர்ந்திருக்கின்றன. பிரிட்டன் 2019 முதல் 2022 வரை இளையோர் நிகழ்ச்சிகளுக்கென்றே பொதுப்பணத்தில் தனி நிதி ஒதுக்கியது. நம் நாட்டில் 1955இலேயே குழந்தைகள் திரைப்படக் கழகம் தொடங்கப்பட்டது. 2022இல் அது தேசியத் திரைப்பட வளர்ச்சிக் கழகத்தோடு இணைக்கப்பட்டது. திரைப்படத்துக்கு இருந்த அந்த அக்கறை தொலைக்காட்சித் தொடருக்கு வரவில்லை. தமிழ்நாடு அரசு அதைத் தொடங்கலாம். தொள்ளாயிரம் பகுதிகள் வேண்டாம். ஆண்டுக்கு இருபது பகுதிகள் கொண்ட ஒரே ஒரு நல்ல தொடர் போதும். பள்ளி விடுமுறையில் படப்பிடிப்பை முடித்தால் நடிக்கும் பிள்ளைகளின் படிப்பும் கெடாது. கதைக்கு அலைய வேண்டாம். இந்த மாவட்டத்தில் வயல் வரப்பிலும் ஏரிக்கரையிலும் நிற்கும் நடுகற்கள் ஒவ்வொன்றிலும் ஒரு வீரன் உறைந்திருக்கிறான். ஒருவன் ஒரு நாள் கல்லைவிட்டு இறங்கி வந்தால் போதாதா? முகவீணையும் மிருதங்கமும் தெரிந்த கூத்துக் கலைஞர்கள் இங்கே இருக்கிறார்கள். வேடம் கட்டவும், விடிய விடியக் கூட்டத்தைக் கட்டிப்போடவும் அவர்களுக்குத் தெரியும்.

பக்கத்தில் இருக்கும் தொரப்பள்ளியில் 1878இல் பிறந்த இராஜாஜி, அரசியல் வேலைகளுக்கு நடுவே மகாபாரதத்தை எளிய தமிழில் ‘வியாசர் விருந்து’ என்று எழுதினார். படிப்பு அதிகம் இல்லாதவர்களுக்கும் பிள்ளைகளுக்கும் கதை போய்ச் சேர வேண்டும் என்று நினைத்த மனம் அது. கதை சொல்வது பெரிய மனிதர்களின் வேலை என்று இந்த மண் ஏற்கெனவே காட்டியிருக்கிறது.

ஆசிரியர்களே, உங்களிடம் ஒரு வேண்டுகோள். அடுத்த வாரம் உங்கள் வகுப்பில் ஒரு மணி நேரம் ஒதுக்குங்கள். ஒரு பூதம் நம் ஊருக்கு வந்தால் அதனால் எது முடியும், எது முடியாது என்று பிள்ளைகளை எழுதச் சொல்லுங்கள். ‘முடியாது’ என்ற பட்டியலைக் கவனமாகப் படியுங்கள். கதை அங்கேதான் இருக்கும். எந்த மொழியில் எழுதினாலும் வாங்கிக்கொள்ளுங்கள். பெற்றோர்களே, உங்கள் பிள்ளை என்ன பார்க்கிறது என்று ஒரு மாலை பக்கத்தில் உட்கார்ந்து பாருங்கள். பார்த்துவிட்டு, எங்களுக்கு எங்கள் மொழியில் எங்கள் பிள்ளைகள் நடித்த தொடர் வேண்டும் என்று சேனல்களுக்கும் அரசுக்கும் எழுதுங்கள். மூசாவைப் பார்த்து வளர்ந்தவர்கள் இன்று வாக்களிக்கிறீர்கள், பொருள் வாங்குகிறீர்கள், வரி கட்டுகிறீர்கள். விளம்பரக் கணக்கில் உங்கள் பெயர் இருக்கிறது. நீங்கள் கேட்டால் கொடுத்தே ஆக வேண்டும்.